லீகல் தாமதமில்லை, லீகலுக்கு வருவதுதான் தாமதம்

கம்பெனிகளின் லீகலை, அதாவது சட்டப் பிரிவை, தாமதத்துக்காகக் கிண்டலடித்த அந்த மேடைப் பேச்சைப் பற்றித்தான் சொல்கிறேன், பலர் பார்த்திருப்பீர்கள். "லீகலுக்கு அனுப்பினா கிணத்துல போட்ட கல்லு" என்று பேச்சாளர் சொன்னதும் கைதட்டல். நம்ம பாண்டிச்சேரியிலேயே நடந்த கூட்டம். தட்டியவர்களில் எனக்குத் தெரிந்தவர்களும் உண்டு, அதுதான் தாங்கவில்லை.

சேதராப்பட்டில் ஒரு கம்பெனியின் சட்டப் பிரிவில் இருக்கிறேன். இரண்டே பேர். ஒப்பந்தம், செக் பவுன்ஸ், ஜிஎஸ்டி நோட்டீஸ், தொழிலாளர் வழக்கு எல்லாம் எங்களிடம்தான். வேலை அதிகம் என்பது இல்லை என் குறை. வர வேண்டிய நேரத்தில் வருவதில்லை என்பதுதான்.

வெள்ளிக்கிழமை சாயந்திரம் 'அர்ஜென்ட்' என்று மெயில் வரும். திறந்தால் ஒப்பந்தத்தின் நாலாம் பக்கம் மட்டும், அதுவும் போட்டோ. மிச்சப் பக்கங்களைக் கேட்டால் திங்கள் வரை பதில் கிடையாது. அந்த நாட்களும் லீகல் கணக்கில்தான் ஏறும்.

ஒருமுறை கடலூர் நுகர்வோர் ஆணையத்திலிருந்து நோட்டீஸ். பழுப்பு உறை, மேலே தபால் வந்த தேதியோடு செக்யூரிட்டி போட்ட இன்வர்ட் சீல், தேதி பார்த்தால் ஒரு மாதத்துக்கு முந்தையது. பதில் தாக்கல் செய்ய 30 நாள், ஆணையம் அனுமதித்தால் இன்னும் 15 நாள், அதற்கு மேல் ஒரு நாளும் கிடையாது என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வே 2020இல் சொல்லிவிட்டது. சேல்ஸில் கேட்டேன். "டீலர் பேசி முடிச்சிடுவார்னு நினைச்சோம் சார்." ராத்திரி முழுக்க உட்கார்ந்து பதில் தயாரித்து, கெடுவுக்குள் தாக்கல் செய்தோம். அதற்கு யாரும் கைதட்டவில்லை.

செக் திரும்பினாலும் இதே கதை. வங்கி தகவல் கொடுத்த 30 நாளுக்குள் செக் கொடுத்தவருக்கு நோட்டீஸ் போயாக வேண்டும். "பார்ட்டி நல்லவர்" என்று அக்கவுண்ட்ஸ் அதை டிராயரில் வைத்திருந்தால் நான் என்ன செய்ய?

ஆள் சேர்த்துக்கொள் என்பீர்கள். சேர்க்கட்டும், சந்தோஷம். ஆனால் டிராயரில் கிடக்கும் கடிதத்தை பத்துப் பேர் வந்தாலும் படிக்க முடியாது. ஏஐ வந்துவிட்டதே என்பீர்கள். அதற்கும் முழு ஒப்பந்தம் கொடுக்க வேண்டும், நாலாம் பக்கம் போதாது. வெளி வக்கீலிடம் கொடு என்பவர்களுக்கு ஒரே கேள்வி, அவருக்குக் காகிதங்களைத் திரட்டிக் கொடுப்பது யார்?

எல்லாக் கோரிக்கையும் ஒரே வழியில் வரட்டும். முழு ஆவணம், கையில் கிடைத்த தேதி, கடைசித் தேதி மூன்றும் கூடவே வரட்டும். கடைசித் தேதியை வைத்து நாங்கள் வரிசைப்படுத்திக்கொள்கிறோம், யார் சத்தமாகக் கேட்கிறார் என்பதை வைத்து அல்ல. எம்டியே போன் செய்தாலும் அதே வரிசை.

காலாப்பட்டு சட்டக் கல்லூரியில் கூடப் படித்தவன் கேட்கிறான், "ஏசி ரூம்ல உனக்கென்னப்பா கவலை?" முழுநேரச் சம்பளத்தில் சேர்ந்ததும் வக்கீல் தொழிலை நிறுத்த வேண்டும் என்பது பார் கவுன்சில் விதி, நிறுத்தினேன். கட்சிக்காரர் வக்கீலிடம் சொன்னது ரகசியமாக இருக்கச் சட்டம் தரும் பாதுகாப்பு, கம்பெனியின் உள் வக்கீல்களுக்கு அதே அளவில் கிடையாது என்று 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. கோர்ட்டில் நாங்கள் வக்கீல் இல்லை, கம்பெனியில் முட்டுக்கட்டை. இதையும் ஏற்றுக்கொண்டு வேலை செய்கிறவர்களை மேடையேறி ஏளனம் செய்யாதீர்கள்.