ஏசியன் மெனுவுல அத்தோ எங்க?

சென்னையில ஏசியன் ஃப்யூஷன்னு போர்டு போட்டுட்டு மெனுவுல அத்தோ, அதாங்க வட சென்னை தள்ளுவண்டியில போடற பர்மா நூடுல்ஸ், இல்லைன்னா அது பெரிய குறைதாங்க. சாப்பாட்டைக் குத்தம் சொல்லல. மச்சான் ப்ரொமோஷன் ட்ரீட்டுன்னு சிட்டிக்குள்ள ஒரு பெரிய ரெஸ்டாரன்ட்டுக்குக் கூட்டிட்டுப் போனாரு, டிம்சம் மேல்மாவு அவ்ளோ மெல்லிசு, உள்ள இருக்கிற இறால் வெளிய தெரியுது, நல்ல கைப்பக்குவம். சுஷி, ராமென், தாய் கறி, தேங்காப்பால் ஊத்துன பர்மா கௌசுவே நூடுல்ஸ் கூட இருக்கு. பர்மா வரைக்கும் போனவங்களுக்கு பீச் ஸ்டேஷன் தாண்டி வரத் தெரியலையேன்னுதான் மனசு ஆறல.

1962ல பர்மாவுல நே வின் ராணுவ ஆட்சி, 1964ல கடைகண்ணியெல்லாம் அரசாங்கமே எடுத்துக்கிச்சு, தலைமுறையா ரங்கூன்ல இருந்த நம்ம சனங்க நகைநட்டைக் கூட விட்டுட்டு கப்பலேறி வந்து எறங்குனது நம்ம ஹார்பர்லதான். வியாசர்பாடி பக்கம் குடியேறுனாங்க, பர்மா பஜார்ல கடை போட்டாங்க, தள்ளுவண்டியில அத்தோ போட்டு புள்ளைங்களப் படிக்க வச்சாங்க.

சாயங்காலம் பீச் ஸ்டேஷன் பக்கம் செகண்ட் லைன் பீச் தெருவுல போய் நின்னு பாருங்க. ஆரஞ்சு கலர்ல அவிச்ச நூடுல்ஸ ஒரு கை அள்ளி கிண்ணத்துல போட்டு, சீவுன கோஸு, வெங்காயம், பூண்டு பொரிச்ச எண்ணெ, புளித்தண்ணி, இடிச்ச மிளகா, கடைசியா பேஜோங்கிற மொறுமொறுன்னு பொரிச்ச தட்டைய நொறுக்கித் தூவி கையாலயே ஒரு பெரட்டு பெரட்டுவாரு அண்ணன், கூடவே வாழைத்தண்டு சூப்பு, தீந்துச்சுன்னா நீட்டுங்க, மறுபடி ஊத்துவாங்க. அவிச்ச முட்டையக் கீறி பொரிச்ச வெங்காயமும் புளியும் வச்ச முட்டை மசாலா தனி. பர்மாவுல மொய்ங்காங்கிற சூப்பு நூடுல்ஸ்னா மீன் போட்டதுதான், இங்க பல கடையில மீனே இல்லாம வெறும் வாழைத்தண்டுல வைக்கிறாங்க. ஃப்யூஷன்னா இதுதானே?

ரோட்டுக்கடை ஐட்டம் பெரிய ஓட்டலுக்கு செட் ஆகாதுன்னாரு மச்சான். பாங்காக்ல பேட் தாய் நூடுல்ஸும் ரோட்டோரம்தான் போடறாங்க, அது மட்டும் வெள்ளைத் தட்டுல வரலையா? நம்ம ஊரு சரக்குன்னா மட்டும் ஏன் இந்தத் தயக்கம்?

வைங்க, ஆனா வட சென்னை அத்தோன்னு பேர் போட்டே வைங்க. பாத்துட்டுப் போய் காப்பி அடிக்காம, இத்தனை வருஷமா போட்டுட்டு இருக்கறவங்களையே நல்ல சம்பளம் குடுத்து கிச்சனுக்குக் கூப்பிடுங்க. அப்புறம் ஒண்ணு, கஸ்டமர் உக்காந்தப்புறம் பெரட்டுங்க, முன்னாடியே கலந்து வச்சா பேஜோ நமுத்துப் போயிடும்.