பத்தாவது சீடை

(காரைக்குடியில் ஒரு செட்டியார் வீட்டின் பின்கட்டு. சூசையும் ஆரோக்கியமும் அங்கே வாடகைக்கு இருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை காலை. வீட்டில் இரவுதோறும் செபமாலை: தொடக்கத்தில் மூன்று மரியே செபம், பிறகு இயேசு, மாதா வாழ்க்கையின் ஐந்து காட்சிகளை, அதாவது தேவ இரகசியங்களை, நினைத்து ஒவ்வொன்றுக்கும் பத்து மரியே. காப்பி வருவதற்கு முன்பே விசாரணை வந்துவிட்டது.)

ஆரோக்கியம்: ஏங்க, நேற்று செபமாலையில் எதுவரைக்கும் முழித்திருந்தீங்க?

சூசை: கடைசி வரைக்கும்.

ஆரோக்கியம்: அப்படியா? நேற்று என்ன தேவ இரகசியம்?

சூசை: துக்கம்தானே?

ஆரோக்கியம்: துக்கம் செவ்வாயும் வெள்ளியும். வியாழக்கிழமை ஒளி.

சூசை: நான் சின்ன வயதில் படித்தது சந்தோஷம், துக்கம், மகிமை, மூன்றே மூன்றுதான். நடுவில் ஒன்றைச் சேர்த்தால் மனுஷனுக்குக் குழம்பாதா?

ஆரோக்கியம்: திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் அதைச் சேர்த்தது 2002-ல். நமக்குக் கல்யாணமே அதற்கு அப்புறம்தான். கல்யாணம் என்றதும்தான் ஞாபகம் வருது. இரண்டாவது இரகசியம் கானாவூர்க் கல்யாணம். "அருள் நிறைந்த மரியே" என்று நான் தொடங்கினேன், உங்க பக்கமிருந்து குறட்டைதான் பதில். பந்தி போடுவதற்கு முன்னாலேயே தூங்கின ஆளை இப்போதுதான் பார்க்கிறேன்.

சூசை: ஆத்தங்குடிக் கல்லில் முழங்கால் போட்டுப் பார். ஜில்லென்று ஏறும். சுவரில் கொஞ்சம் சாய்ந்தேன், அவ்வளவுதான். அதோடு, நாலாவது இரகசியம் என்ன?

ஆரோக்கியம்: மலையில் ஆண்டவர் உருமாறினது.

சூசை: அங்கே பேதுருவே தூக்கக் கலக்கத்தில் இருந்தார். லூக்கா 9-ல் எழுதியிருக்கு.

ஆரோக்கியம்: அவர் மலை ஏறின களைப்பு. நீங்க எதில் ஏறினீங்க? நம்ம ஓரியூரில் 1693-ல் புனித அருளானந்தர் விசுவாசத்துக்காகத் தலையையே கொடுத்தார். உங்களால் அரை மணி நேரம் தலையை நிமிர்த்தி வைத்திருக்க முடியலை.

(சூசையிடம் இதற்குப் பதில் இல்லை. அருளானந்தரை இழுத்துவிட்டால் இந்தப் பக்கத்தில் யாரிடமும் பதில் இருக்காது.)

சூசை: எல்லாத் தப்பும் என்னோடதுதானா? செபமாலை அறுந்து ஒரு வாரமாச்சு. எண்ணுவதற்குத் தட்டில் பத்து சீடை வைத்தது யார்?

ஆரோக்கியம்: நான்தான். ஒரு மரியேக்கு ஒரு சீடை, தள்ளிவைத்துக்கொண்டே வரலாம் என்று பார்த்தேன்.

சூசை: நம்ம சின்னப் பிள்ளை தள்ளவில்லை, தின்றது. ஏழாவது மரியேயில் தட்டு காலி. பெரியவன் "பத்து முடிஞ்சது" என்று, பத்தின் முடிவில் வரும் திரித்துவப் புகழைச் சொல்லிவிட்டான்.

ஆரோக்கியம்: தூங்கினீங்களே, இது எப்படித் தெரியும்?

சூசை: ...கனவில் கேட்டது.

ஆரோக்கியம்: சரி, அதுகூடப் போகட்டும். மாதா பிரார்த்தனை ஓடும்போது வீட்டுக்கார ஆச்சி வந்து ஜன்னல்கிட்டே நின்று, "சூசை, மோட்டாரை நிறுத்தினியா, தொட்டி வழியுது"ன்னு கேட்டாங்களே. என்ன சொன்னீங்க?

சூசை: என்ன சொன்னேன்?

ஆரோக்கியம்: கண்ணைத் திறக்காமலே, பிரார்த்தனைக்குச் சொல்ற பதிலையே, "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்."

சூசை: ஐயையோ. ஆச்சி?

ஆரோக்கியம்: வேண்டிக்கிட்டே போய் அவங்களே நிறுத்தினாங்க.

சூசை: இதற்குத்தான் சொல்றேன், இன்றையிலிருந்து ஒரே ஒரு பத்து. சுருக்கமா, முழிப்பா.

ஆரோக்கியம்: நான் சரி என்பேன், ஆச்சி ஒத்துக்க மாட்டாங்க.

சூசை: நம்ம வீட்டு செபத்துக்கு ஆச்சி எதற்கு ஒத்துக்கணும்?

ஆரோக்கியம்: நாம் சிலுவை போட்டதும் அவங்க பருப்பை அடுப்பில் வைக்கிறாங்க. பிரார்த்தனை கேட்டதும் இறக்குறாங்க. போன மாதம் நாம் ஊருக்குப் போன இரண்டு நாளும் பருப்பு அடிப்பிடிச்சிருக்கு. நேற்று மூன்று மரியே குறைந்ததில் வேகலையாம், காலையிலேயே சொல்லிட்டுப் போனாங்க.

சூசை: ஆச்சி வீட்டுப் பருப்பு வேக, நான் 53 மரியே சொல்லணுமா?

ஆரோக்கியம்: சொல்லணும். முழித்துக்கொண்டு.

சூசை: சரி, சரி. எண்ணுவதற்கு டப்பாவில் சீடை எத்தனை மீதி?

ஆரோக்கியம்: ஏழு.

(கடக்கென்று ஒரு சத்தம்.)

சூசை: ஆறு.