வாத்தியத்தை வாடகைக்கு விட்டதுதான் முதல் பாடம்

ஏ.ஆர். ரஹ்மானின் தொழில்முனைவைப் பற்றிய உங்கள் கட்டுரையில் 1989-ல் வீட்டோடு அமைத்த பஞ்சதன் ஸ்டூடியோ, 2008-ல் தொடங்கிய கே.எம். இசைக்கல்லூரி எல்லாம் விரிவாக வந்திருக்கிறது, நன்றி. ஆனால் அப்பா ஆர்.கே. சேகர் இறந்த பிறகு, அவருடைய வாத்தியங்களை வாடகைக்கு விட்டுத்தான் குடும்பம் பிழைத்தது என்பதை ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். எனக்கு அதுதான் பெரிய விஷயம்.

நான் கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலை பக்கம். கோயில் கொடை விழா, சர்ச் திருவிழா என்று பதினைந்து வருஷம் கீபோர்டு வாசித்தவன். 2020-ல் கொரோனா வந்து எல்லாம் நின்றது. கையில் இருந்தது இரண்டு கீபோர்டு, ஒரு மிக்சர், கொஞ்சம் ஸ்பீக்கர். ஊரடங்கு தளர்ந்ததும் அவற்றை வாடகைக்கு விட ஆரம்பித்தேன்.

வாசிப்பவனுக்குக் கணக்கு வராது என்பார்கள். வரும், பழக வேண்டும். குளச்சல் கடற்கரையில் ஒரு நிகழ்ச்சிக்குப் போய் வந்த வயரை அப்படியே சுருட்டி வைத்துவிட்டேன். அடுத்த வாரம் ஒரு வில்லுப்பாட்டுக் குழுவுக்கு அதே வயர். பாட்டு நடுவே மைக் கரகரவென்று இழுத்து நின்றது. உப்புக்காற்றில் வயர் முனையின் உலோகப் பின்னெல்லாம் பச்சை பூத்திருந்தது. குழுவை நடத்தும் அண்ணாச்சி ஒரு வார்த்தை திட்டவில்லை, நான்தான் வாடகையைத் திருப்பிக் கொடுத்தேன்.

அப்புறம் ஒவ்வொரு வயருக்கும் நம்பர் ஒட்டினேன். திரும்பி வந்ததும் துடைத்து, போட்டுப் பார்த்து, நோட்டில் எழுதிய பிறகுதான் சாப்பாடு. இப்போது அந்தக் குழு ஒவ்வொரு கொடைக்கும் என்னைத்தான் கூப்பிடுகிறது.