ஃபோர்ட் மயர்ஸ் பீச்: பழைய குடில்கள் ஏன் திரும்பவில்லை?

ஃபுளோரிடாவின் இந்தக் கடற்கரை ஊரில், புயலில் போன பழைய குடில்களை அப்படியே திரும்பக் கட்டியிருக்கலாமே என்று ஊரைப் பற்றி எழுதிய ஒரு கட்டுரையாளர் வருந்துகிறார். வெள்ளக் காப்புக் கட்டட விதி அதற்கு இடம் தராதே! 2022 இயன் புயலில் சேதமான வீட்டைச் சீராக்கும் செலவு, நிலம் நீங்கலாகக் கட்டடத்தின் சந்தை மதிப்பில் 50 சதவீதத்தைத் தொட்டாலே, வெள்ளம் எட்டும் என்று கணித்த மட்டத்துக்கு மேல் வீட்டை உயர்த்தியாக வேண்டும். அங்கே நிலத்துக்குத்தான் விலை. சின்ன மரக்குடிலுக்குக் கூரையும் வயரிங்கும் மாற்றினாலே பாதி தாண்டிவிடும். தூண்மேல் எழும் புது வீடுகளின் கீழ்த்தளம் வண்டி நிறுத்த, சாமான் போட மட்டும். அலை மோதினால் பிய்ந்து போகும்படியே அங்கே சுவர் வைப்பார்கள், தூண் தப்பிக்கத்தான். வரலாற்றுச் சின்னமாகப் பதிவான கட்டடத்துக்கு விலக்கு கிடைக்கலாம்.

போகிறவர்கள் பக்கத்துச் சானிபல் தீவின் கலங்கரை விளக்கத்தையும் பாருங்கள்: 1884-ல் எழுந்தது, இயனில் ஓர் இரும்புக்கால் போயும் சாயவில்லை. கடற்கரை மணலில் புயல் சிதறடித்த ஆணி, கண்ணாடி புதைந்திருக்கலாம், செருப்பு முக்கியம்.