எரிபொருளுக்குச் சூத்திரம் உண்டு, முதியோர் கொடுப்பனவுக்கு ஏன் இல்லை?

இலங்கையில் எரிபொருள் விலை ஒவ்வொரு மாத இறுதியிலும் ஒரு சூத்திரத்தின்படி மீளாய்வு செய்யப்படுகிறது. மின் கட்டணமும் குறித்த கால இடைவெளியில் திருத்தப்படுகிறது. இதற்காக எவரும் வீதியில் இறங்க வேண்டியதில்லை, பாராளுமன்றத்தில் எழுந்து பேச வேண்டியதுமில்லை. ஆனால் அந்த விலைகளைக் கொடுத்தே வாழ வேண்டிய ஒரு முதியவரின் கொடுப்பனவு எப்போது உயரும், எவ்வளவு உயரும் என்பதற்கு எந்த விதியும் கிடையாது. வரவு செலவுத் திட்ட உரையில் ஒரு வரி வந்தால் உயரும், வராவிட்டால் அடுத்த ஆண்டு வரை காத்திருக்க வேண்டும். தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வாழும் எங்கள் மலையகத்தைப் பொறுத்தவரை இது மிகப் பெரிய அநீதி என்று நான் கருதுகிறேன்.

2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 வீதத்தை எட்டியது. தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களில் காலையும் இரவும் ரொட்டி தட்டுவதற்கான கோதுமை மாவின் விலை அதற்கும் மேலான வேகத்தில் ஏறியது. அந்த அலை அடித்து ஓய்ந்த பின்னர், 2023 யூலையில் அரசின் நலன்புரி உதவித் திட்டமான அஸ்வெசும தொடங்கியபோதும், 70 வயதைக் கடந்த முதியவர்களுக்கான மாதக் கொடுப்பனவு பழைய 2,000 ரூபாயாகவே இருந்தது. 2024இல் அது 3,000 ஆகவும், 2025இல் 5,000 ஆகவும் உயர்த்தப்பட்டதை மனமார வரவேற்கிறேன். ஆயினும் விலைகள் உச்சத்தில் இருந்த மாதங்களில் அந்த முதியவர் குறைத்துக்கொண்ட சாப்பாட்டையும், வாங்காமல் விட்ட மருந்தையும் பின்னர் வந்த எந்த உயர்வும் திருப்பித் தரவில்லை. தாமதம் என்பதே இங்கு ஒரு வெட்டுத்தான்.

அஸ்வெசுமவின் குடும்பக் கொடுப்பனவுகளிலும் இதே நிலைதான். மிக வறிய குடும்பங்களுக்கான 15,000 ரூபாய் 2025 சனவரியில் 17,500 ஆனது, வறிய குடும்பங்களுக்கான 8,500 ரூபாய் 10,000 ஆனது. 5,000 ரூபாய் பெறும் பிரிவினருக்குத் தொகை உயரவில்லை, கொடுப்பனவு பெறும் காலக்கெடு மட்டுமே நீடிக்கப்பட்டது. ஒரு பிரிவுக்கு ஏன் இவ்வளவு, இன்னொரு பிரிவுக்கு ஏன் எதுவுமில்லை என்று கேட்டால், காட்டுவதற்கு ஒரு கணக்கும் இல்லை. இத்தனைக்கும் அளவுகோல் அரசின் கையிலேயே இருக்கிறது. தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் உத்தியோகபூர்வ வறுமைக் கோட்டை மாதந்தோறும், அதுவும் மாவட்ட வாரியாக, வெளியிடுகிறது. 2019இல் ஒருவருக்கு மாதம் 6,966 ரூபாயாக இருந்த அந்தக் கோடு 2022 இறுதிக்குள் 13,000 ரூபாயைத் தாண்டியிருந்தது. அளந்து பார்க்கத் தெரிந்த அரசுக்கு, அந்த அளவைக் கொடுப்பனவோடு இணைப்பது மட்டும் எப்படிக் கடினமாகும்?

தோட்டத் தொழிலாளருக்கு ஓய்வூதியம் கிடையாது. ஊழியர் சேமலாப நிதியும் பணிக்கொடையும் ஒரே தடவையில் கைக்கு வரும், பிள்ளையின் கல்யாணத்துக்கும் வீட்டுக் கூரைக்கும் கடனுக்கும் போகும், அத்தோடு முடிந்தது. சேமலாப நிதி 2022ஆம் ஆண்டுக்கு 9 வீத வட்டி வழங்கியது. விலைகள் ஓடிய வேகத்தை மேலே சொன்னேன். அடுத்த ஆண்டு வட்டி 13 வீதமானது, ஆனால் இழந்த பெறுமதி அதனால் மீளவில்லை. பணிக்கொடையின் கணக்கோ வேறு விதம். 1983ஆம் ஆண்டின் சட்டப்படி, நாட்கூலி பெறுவோருக்கு ஒவ்வொரு சேவை ஆண்டுக்கும் 14 நாட்கூலி, இறுதியாகப் பெற்ற கூலியின் அடிப்படையில் கணிக்கப்படுகிறது. 30 ஆண்டுகள் கொழுந்து பறித்த ஒரு பெண், அடிப்படை நாட்கூலி 700 ரூபாயாக இருந்த 2020இல் ஓய்வு பெற்றிருந்தால் அவருக்குக் கிடைப்பது 294,000 ரூபாய். அதே 30 ஆண்டுகள் உழைத்த பக்கத்துக் காம்பராப் பெண், கூலி 1,350 ஆன பிறகு ஓய்வு பெற்றிருந்தால் 567,000 ரூபாய். முன்னவர் தன் தொகையைக் கையில் வைத்திருந்த இரண்டே ஆண்டுகளில் விலைவாசி அதைத் தின்றுவிட்டது. இந்த இருவரையும் ஒரே மாதிரி நடத்தக்கூடியது, விலைகளோடு சேர்ந்து உயரும் ஒரு மாதக் கொடுப்பனவு மட்டுமே.

கொடுப்பனவைக் கூலி உயர்வோடு இணைத்தால் போதாதா என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். 2021 மார்ச்சில் நிர்ணயிக்கப்பட்ட 1,000 ரூபாய் நாட்கூலி 2024 செப்டெம்பர் வரை அசையவேயில்லை, அதற்குள் விலைமட்டம் இரட்டிப்பை நெருங்கிவிட்டது. கூலியே விலையைப் பிடிக்க முடியாமல் பின்தங்கும் இடத்தில், அந்தக் கூலியோடு மட்டும் கொடுப்பனவைக் கட்டினால் இரண்டும் சேர்ந்தே பின்தங்கும். ஆகவே விலைச் சுட்டெண் அடித்தளமாக இருக்க வேண்டும். கூலி அதைவிட வேகமாக உயரும் ஆண்டில் கூலி உயர்வைப் பின்பற்ற வேண்டும். பிரித்தானியாவில் அரச ஓய்வூதியம் 2011 முதல் சம்பள வளர்ச்சி, விலை உயர்வு, 2.5 வீதம் ஆகிய மூன்றில் எது அதிகமோ அந்த அளவுக்கு ஆண்டுதோறும் உயர்த்தப்படுகிறது. அதன் செலவு பற்றி அங்கே ஓயாத விவாதம் நடக்கிறது. 2022இல் ஓராண்டுக்குச் சம்பள இணைப்பை நிறுத்தியும் வைத்தார்கள். நாம் மூன்றையும் கேட்கவில்லை, முதல் இரண்டும் போதும்.

கொடுப்பனவைப் போலவே தகுதி வரம்பும் நகர வேண்டும், இதைப் பலர் கவனிப்பதில்லை. அதே பிரித்தானியாவில் நோயாளிகளைப் பராமரிப்போருக்கான உதவித்தொகைக்கு ஒரு சம்பள வரம்பு உண்டு, அதை ஒரு பவுண் தாண்டினாலும் முழுத் தொகையும் போய்விடும். குறைந்தபட்சக் கூலி உயர்ந்தும் வரம்பு போதிய அளவு உயராததால் பலர் உதவியை இழந்தார்கள், பெற்ற பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டியும் வந்தது. 2025 ஏப்ரல் முதல் அந்த வரம்பு வாரம் 16 மணிநேரக் குறைந்தபட்சக் கூலியோடு இணைக்கப்பட்டு, அந்த ஆண்டில் 196 பவுணானது. எங்கள் தோட்டங்களில் 2026இல் அடிப்படைக் கூலி 1,550 ஆகி, அரசின் வருகைக் கொடுப்பனவான 200 ரூபாயும் சேர்ந்து 1,750 ஆவதைக் காட்டி, வசதி கூடிவிட்டதாக எந்தக் குடும்பத்தையும் அஸ்வெசுமவில் உதவி குறைந்த பிரிவுக்குத் தள்ளிவிடக் கூடாது. அந்த உயர்வு விலை உயர்வை ஈடுசெய்வதற்குத் தரப்பட்டது.

எனவே மலையகப் பிரதிநிதிகளிடம் நான் கேட்பது ஒரு தடவைக்கான தொகை உயர்வு அல்ல. 2002ஆம் ஆண்டின் நலன்புரி நன்மைகள் சட்டத்திலேயே வருடாந்த உயர்வுக்கான விதியை எழுதும் ஒரு திருத்தத்தைக் கேட்கிறேன். கூடவே இன்னொன்று. சட்டப்படி ஓய்வு வயது 60, முதியோர் கொடுப்பனவோ 70இல்தான் தொடங்குகிறது. ஆயுள் முழுதும் மலையேறிக் கொழுந்து சுமந்த முதுகுக்கு இடைப்பட்ட அந்தப் பத்து ஆண்டுகளை எதைக் கொண்டு நிரப்புவது என்பதையும் அதே திருத்தத்தில் அவர்கள் தீர்த்து வைக்க வேண்டும்.