பைபரியில் படம் எடுத்துவிட்டு அப்படியே திரும்பிவிடாதீர்கள்

வெயில் அடிக்கும் வார இறுதி வந்தாலே லண்டன், பர்மிங்காம், லெஸ்டர் பக்கம் இருக்கும் நம் நண்பர்களின் சமூக ஊடகப் பக்கங்களில் இங்கிலாந்தின் காட்ஸ்வோல்ட்ஸ் குன்றுப் பகுதிக் கிராமப் படங்கள் குவிந்துவிடும். பைபரியின் ஆர்லிங்டன் ரோ வீடுகள், போர்ட்டன்-ஆன்-த-வாட்டரில் விண்ட்ரஷ் ஆற்றின் மேல் இருக்கும் குட்டைப் பாலங்கள், பிள்ளைகள் கையில் ஐஸ்கிரீம். அழகான ஊர்கள்தான், போகவே வேண்டும். ஆனால் கார் நிறுத்திய இடத்தைச் சுற்றியே ஒரு வட்டம் போட்டுவிட்டு மாலை நெரிசலுக்கு முன் கிளம்பிவிடுகிறோம் பாருங்கள், அதில்தான் எனக்கு ஆற்றாமை. அந்த ஊர்களில் இருப்பதிலேயே பெரிய சொத்து கடைத்தெருவில் இல்லை. கடைசி வீட்டுக்குப் பின்னால், ஒரு சின்ன மரக்கதவுக்கு அந்தப் பக்கம், வயல்வழியே போகும் பொது நடைபாதையாகத் தொடங்குகிறது.

போர்ட்டனையே எடுத்துக்கொள்வோம். கூட்டத்தை விட்டு விலகி வயல்வழியாக ஒரு மைல் சொச்சம் நடந்தால் லோயர் ஸ்லாட்டர். அங்கே ஐ என்ற சிற்றாறு வீட்டு வாசல்களை ஒட்டி ஓடுகிறது, பழைய மாவு மில் ஒன்று நிற்கிறது. மில்லைத் தாண்டி ஆற்றோரப் புல்வெளியில் இன்னொரு மைல் போனால் அப்பர் ஸ்லாட்டர். இரண்டு உலகப் போர்களுக்கும் ஆள் அனுப்பி, போன அத்தனை பேரும் உயிரோடு திரும்பி வந்த ஊர் அது. இந்த நாட்டில் அப்படிப்பட்ட ஊர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவைதான். போக வர ஒரு பிற்பகல் போதும். செங்குத்து ஏற்றம் கிடையாது, எட்டு வயதுப் பிள்ளை தாராளமாக நடக்கும்.

"அடுத்தவன் வயலுக்குள் எப்படிப் போவது?" என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். நியாயமான தயக்கம்தான். வயல் தனியாருடையது என்பது உண்மை. ஆனால் அதன் குறுக்கே போகும் பொதுப்பாதையில் நடக்கும் உரிமை எல்லாருக்கும் உண்டு. நிலக்காரர் பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்த வழி அல்ல அது. சட்டத்தின் பார்வையில் நெடுஞ்சாலைக்கு என்ன அந்தஸ்தோ அதேதான் இதற்கும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சேர்த்து இப்படிப்பட்ட பாதைகள் ஏறத்தாழ 1,40,000 மைல் இருக்கின்றன. கம்பத்தில் மஞ்சள் அம்பு இருந்தால் நடப்பவர்களுக்கு, நீல அம்பு இருந்தால் குதிரைக்கும் சைக்கிளுக்கும் சேர்த்து. நாட்டின் வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வே வெளியிடும், ஆரஞ்சு அட்டை போட்ட எக்ஸ்புளோரர் வரைபடத்தில் பச்சைக் கோடுகளைத் தேடுங்கள். கறுப்புக் கோடு அங்கே ஒரு தடம் இருக்கிறது என்று மட்டும்தான் சொல்லும், உரிமை இருப்பதற்கு அது சாட்சி அல்ல.

இந்தச் சட்டத்தின் நுணுக்கம் எனக்கு மிகவும் பிடிக்கும். நடுவயலில் போகும் நடைபாதையை விவசாயி உழலாம். ஆனால் உழத் தொடங்கிய 14 நாளுக்குள் குறைந்தது 1 மீட்டர் அகலத்துக்கு மறுபடி நடக்கிற மாதிரி ஆக்கித் தர வேண்டும். பயிர் வளர்ந்த பிறகும் அந்த 1 மீட்டர் திறந்தே இருக்க வேண்டும். வயலோரமாகப் போகும் பாதை என்றால் உழவே கூடாது. மே மாதத்தில் ரேப்சீட் என்ற எண்ணெய்வித்துப் பயிரின் வயலைப் பார்த்திருக்கிறீர்களா? கண் கூசும் மஞ்சள், இடுப்புக்கு மேல் உயரம். நடுவே வகிடு எடுத்த மாதிரி ஒரு கோடு எதிர்ப்பக்க வேலி வரை நேராகப் போகும். உள்ளே இறங்கினால் இரண்டு பக்கமும் பூ உரசும், கால்சட்டையெல்லாம் மகரந்தம். பயிராகியிருக்க வேண்டிய அந்த இடம் முகம் தெரியாத நமக்காகக் காலியாகக் கிடக்கிறது என்று நினைக்கும்போது எனக்கு மனது நெகிழ்ந்துவிடும்.

சும்மா வந்த உரிமை இல்லை இது. கோயிலுக்கும் மில்லுக்கும் சந்தைக்கும் போக மக்கள் நடந்து நடந்து உண்டாக்கிய தடங்கள்தான் பெரும்பாலும். ஏரி மாவட்டத்தில் (லேக் டிஸ்ட்ரிக்ட்) ரைடலிலிருந்து கிராஸ்மியருக்குப் போகும் வழியில், தேவாலயக் கல்லறைக்குப் பிணத்தைத் தூக்கிப் போனவர்கள் பெட்டியை இறக்கி வைத்து இளைப்பாறிய கல் இன்னும் இருக்கிறது, நம்மூர் சுமைதாங்கிக் கல்லைப் போல. பிறகு வந்தது வேலி அடைப்புக் காலம். 1604 முதல் 1914 வரை 5,200-க்கும் மேற்பட்ட சட்டங்கள் போட்டு, ஊர்ப் பொதுநிலத்தையும் திறந்த வயல்களையும் 68 லட்சம் ஏக்கர் அளவுக்குத் தனியார் கைக்கு மாற்றினார்கள். மலைப்புறங்கள் பணக்காரர்களின் பறவை வேட்டைக்குப் போயின. 1932 ஏப்ரல் 24 அன்று ஹேஃபீல்டில் கூடிய சில நூறு இளைஞர்கள் தடையை மீறி கிண்டர் ஸ்கவுட் மலையில் ஏறினார்கள். வாரம் முழுக்க மில்லிலும் பட்டறையிலும் உழைத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமைக் காற்றுக்கு ஏங்கியவர்கள் அவர்களில் பலர். தலைமை தாங்கிய பென்னி ராத்மேனுக்கு அப்போது வயது 20. அவர் உட்பட ஐந்து பேருக்குச் சிறை. எழுபதாம் ஆண்டு நினைவின்போது, 2002-இல், அந்த நிலத்தை அன்று வைத்திருந்த குடும்பத்தின் வாரிசான டெவன்ஷயர் பிரபு மேடையில் நின்று மன்னிப்புக் கேட்டார்.

1949-இல் வந்த சட்டம்தான் ஒவ்வொரு கவுன்டியும் (நம்மூர் மாவட்டம் மாதிரி) தன் பொதுப்பாதைகளை வரைபடத்தில் பதிய வேண்டும் என்று கட்டாயமாக்கியது. அதில் ஏகப்பட்ட விடுபடல். சில ஊர்களில் அக்கறையாகப் பதிந்தார்கள், சில ஊர்களில் யாரும் கண்டுகொள்ளவில்லை. நடப்பவர்களுக்கான ராம்ப்ளர்ஸ் அமைப்பின் தன்னார்வலர்கள் பழைய வரைபடங்களைத் துழாவி, பதிவில் இல்லாமல் போன பாதைகள் 49,000 மைலுக்கு மேல் இருக்கும் என்று கண்டுபிடித்தார்கள். 2026 தொடக்கத்துக்குள் பதியாவிட்டால் பழைய ஆவணங்களைக் காட்டி உரிமை கோர முடியாது என்று ஒரு கெடு இருந்தது, பிறகு 2031 என்றார்கள், கடைசியாக 2024 டிசம்பரில் கெடுவையே நீக்கப்போவதாக அரசு அறிவித்தது. நல்ல முடிவு என்பேன். நூறு வருடம் நடந்த வழி, ஒரு தேதி தாண்டியதும் இல்லாமல் போவதில் என்ன நியாயம்?

எங்கள் ஊர்ப்பக்கம் ஒரு பாதை இப்படித்தான் சிக்கலானது. தேவாலயத்துக்குப் பின்னால் தொடங்கி ஓடைப் பக்கம் போகும் வழி. ஊரே அதில் நடந்துகொண்டிருந்தது, ஆனால் வரைபடத்தில் இல்லை. நிலம் கைமாறியது, ஒருநாள் கதவில் பூட்டு தொங்கியது. ஊரின் மூத்தவர்கள் சத்தம் போடவில்லை. ஒரு படிவத்தை வீடு வீடாகக் கொடுத்தார்கள். எந்த வருடத்திலிருந்து எந்த வருடம் வரை நடந்தீர்கள், வாரத்துக்கு எத்தனை முறை, எதற்காக, வழியில் பூட்டிய கதவோ அறிவிப்புப் பலகையோ இருந்ததா, யாராவது தடுத்தார்களா, யாரிடமாவது அனுமதி கேட்டீர்களா என்றெல்லாம் கேள்விகள். கூடவே ஒரு வரைபடம், நடந்த வழியை நம் கையாலேயே வரைந்து கையெழுத்துப் போட வேண்டும்.

தடுத்த நாளிலிருந்து பின்னோக்கி 20 வருடம் மக்கள் இடைவிடாமல் நடந்தார்கள் என்று காட்டினால், அதைப் பொதுவழியாக விட்டுக்கொடுத்துவிட்டதாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். அந்த எண்ணம் தனக்கு இருந்ததே இல்லை என்று நிலக்காரர்தான் நிரூபிக்க வேண்டும். ஆனால் நடந்தது வலுக்கட்டாயமாக இருக்கக் கூடாது, ஒளிந்து மறைந்து இருக்கக் கூடாது, அனுமதி வாங்கியும் இருக்கக் கூடாது. கடைசி நிபந்தனையைப் படித்தபோது நான் அசந்துபோனேன். "போகலாமா ஐயா?" என்று பணிவாகக் கேட்டு நடந்தவரின் நடை கணக்கில் வராது! தன் ஊர் வழி என்று இயல்பாக நடந்தவரின் நடைதான் சாட்சி. இருபது வருடத்தையும் ஒரே ஆள் நடந்திருக்க வேண்டியதில்லை, பலருடைய வருடங்களைச் சேர்த்துக்கொள்ளலாம். முன்பகுதிக்கு எதிர்வீட்டுப் பாட்டி, கடைசிச் சில வருடங்களுக்கு நான். எங்கே பிறந்தாய், எப்போது இந்த நாட்டுக்கு வந்தாய் என்று அந்தப் படிவம் என்னைக் கேட்கவில்லை. விண்ணப்பம் இன்னும் கவுன்சில் வரிசையில்தான் நிற்கிறது. இந்த வேலைகள் வருடக்கணக்கில் இழுக்கும்.

இதனால்தான் நம்மவர்கள் நடக்க வேண்டும் என்று இவ்வளவு வற்புறுத்துகிறேன். தேசியப் பூங்காக்கள் பற்றி 2019-இல் அரசுக்காகத் தயாரான அறிக்கையே, கிராமப்புறத்தை வெள்ளையர்களின் இடமாகவே எல்லாரும் பார்க்கிறார்கள் என்று வெளிப்படையாக எழுதியிருக்கிறது. கிராமத்து பப்புக்குள் நுழைந்ததும் பேச்சு ஒரு நொடி நின்று தொடர்வதை நானும் உணர்ந்திருக்கிறேன். அதற்காகப் பின்வாங்க வேண்டியதில்லை. வயல்பாதையில் எதிரே வருபவர் அநேகமாக அவரே முதலில் "மார்னிங்" சொல்வார், நாய் இருந்தால் பேச்சு பத்து நிமிடம் நீளும்.

விவசாயிகளின் பக்கமும் நியாயம் இருக்கிறது. திறந்த கதவை அப்படியே விட்டுப் போவது, ஆடு குட்டி போடும் பருவத்தில் நாயை அவிழ்த்து விடுவது, இதெல்லாம் அவர்கள் பிழைப்பில் கை வைப்பது. கதவு எப்படி இருந்ததோ அப்படியே விட்டுப் போங்கள். கன்றோடு நிற்கும் பசுக்களை விட்டுத் தள்ளிச் சுற்றிப் போங்கள், பசு சாதுதானே என்று நம்பி நடுவில் புகுந்துவிடாதீர்கள். அப்புறம், செருப்பு வேண்டாம், நல்ல பூட்ஸ் போடுங்கள். மழை நின்று ஒரு வாரம் ஆனாலும் கதவோரம் சேறு கணுக்கால் வரை இருக்கும்.

கார் இல்லாதவர்களுக்கு வழியே இல்லையா என்றால், கிண்டர் ஸ்கவுட் அடிவாரத்தில் ஈடேல் என்ற கிராமம் இருக்கிறது. மான்செஸ்டருக்கும் ஷெஃபீல்டுக்கும் இடையே ஓடும் ரயிலில் இறங்கி ஊருக்குள் நடந்தால், 268 மைல் நீளமுள்ள பென்னைன் வே என்ற நெடுந்தூர நடைபாதை அங்கேதான் தொடங்குகிறது. ஆனால் எல்லா ஊருக்கும் ரயில் இல்லை, ஞாயிற்றுக்கிழமை பேருந்து பல கிராமங்களுக்கு அறவே கிடையாது. அந்த 1932 இளைஞர்களின் உரிமை இன்று கார் சாவி வைத்திருப்பவருக்கு மட்டும் எளிதாக இருப்பது எனக்குப் பெரிய குறையாகவே படுகிறது. பேருந்துத் தடங்களை மாற்றும்போதும் வெட்டும்போதும் கவுன்சில்கள் பெரும்பாலும் பொதுமக்களிடம் கருத்துக் கேட்கின்றன. அதில் நடப்பவர்களும் எழுத வேண்டும். பாதையில் முள்கம்பியோ, விழுந்த மரமோ, உழுது மூடிய வயலோ கண்ணில் பட்டால் ஒரு படம் எடுத்து, இடத்தைக் குறித்து, அந்தக் கவுன்டி கவுன்சிலின் இணையதளத்தில் புகாராகப் போட்டுவிடுங்கள். ஐந்து நிமிட வேலை. எழுத உதவி வேண்டுமென்றால் எனக்கு உள்பெட்டியில் அனுப்புங்கள், சேர்ந்து எழுதலாம்.