முதலில் வண்டியை ஏன் நிறுத்தினீர்கள்?

அமெரிக்காவில் டாலஸ் பக்கம் நம் ஆட்கள் கூடும் வாட்ஸ்அப் குழுக்களில் அவ்வப்போது ஒரு செய்தி சுற்றும். குடித்துவிட்டு வண்டி ஓட்டி மாட்டிய யாரோ ஒருவரின் வழக்கு தள்ளுபடி ஆகிவிட்டதாம், போலீஸ் வண்டியை நிறுத்தியதே செல்லாது என்று நீதிபதி சொல்லிவிட்டாராம். அடுத்த நிமிடமே பதில்கள் வரும்: "காசு இருக்கு, நல்ல அட்டர்னியாப் பிடிச்சு ஓட்டை வழியா தப்பிச்சுட்டான்."

ஓட்டை என்று சொல்வதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

குடித்துவிட்டு ஓட்டுகிறவர்கள் மேல் எனக்குத் துளி அனுதாபம் கிடையாது. 2023-இல் மட்டும் அமெரிக்காவில் இப்படிப்பட்ட விபத்துகளில் 12,000 பேருக்கு மேல் செத்திருக்கிறார்கள். ஆனால் நிறுத்தியது சரியா என்ற கேள்வி எந்த வழக்கில் எழும் என்று கொஞ்சம் யோசியுங்கள். வண்டி யார் மேலாவது மோதியிருந்தால் அங்கே இந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் வேலையே இல்லை, போலீஸ் வந்ததற்கு விபத்தே காரணம். கண்ணுக்குத் தெரிகிற மாதிரி எதுவும் நடக்காமல் ஓடிக்கொண்டிருந்த வண்டியை மடக்கிய வழக்கில்தான் "ஏன் நிறுத்தினீர்கள்" என்று கேட்க இடம் இருக்கிறது.

இங்கே அரசியலமைப்பின் நான்காவது திருத்தப்படி, ஓடுகிற வண்டியை நிறுத்துவதே ஒருவரைப் பிடித்து வைப்பதற்குச் சமம். அதற்குப் போலீஸ்காரர் கையில் குறிப்பிட்டுச் சொல்லும்படியான காரணம் இருக்க வேண்டும். 'ஆளைப் பார்த்தா சரியாப் படலை' என்பது காரணம் ஆகாது. காரணம் இல்லையென்றால், நிறுத்திய பிறகு கிடைத்த எல்லாம் போச்சு: வாயில் அடித்த வாடை, கோட்டில் ஒன்பது அடி நடக்கச் சொன்ன சோதனை, கருவியில் மூச்சை ஊதிக் கிடைத்த அளவு, ரத்தப் பரிசோதனை, எதையும் அரசுத் தரப்பு பயன்படுத்த முடியாது. ரத்தத்தில் மது 0.08 சதவீதம் என்ற வரம்பைப் போல இரண்டு மடங்கு இருந்தாலும் சரி.

1979-இல் டெலவேர் எதிர் பிரவுஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. அந்தப் போலீஸ்காரர் ஒரு விதிமீறலையும் பார்க்கவில்லை, சந்தேகமும் இல்லை. சும்மா லைசென்ஸ் பார்க்கலாம் என்று பிரவுஸின் வண்டியை நிறுத்தினார், உள்ளே கஞ்சா இருந்தது. நிறுத்தியது செல்லாது என்றார்கள், ஒன்பது நீதிபதிகளில் எட்டுக்கு ஒன்று. நீதிபதிகளை உறுத்தியது அந்தத் தனி ஆளின் இஷ்டம்தான். எந்த வண்டியை விடுவது, எதை மடக்குவது என்பதை ஒருவர் மனசுப்படி முடிவு செய்யக் கூடாது என்றார்கள்.

பிரவுஸ் குற்றம் செய்தவர்தானே, அவருக்கு எதற்கு இந்தப் பாதுகாப்பு என்று கேட்கலாம். என் பதில் இதுதான்: காரணமே இல்லாமல் நிறுத்தப்பட்டு, ஒன்றும் கிடைக்காமல் 'சரி போ' என்று அனுப்பப்பட்டவர்களில் எத்தனை பேர் கோர்ட்டுக்குப் போகிறார்கள்? ராத்திரி ஷிப்ட் முடிந்து வரும் நர்ஸ், வால்மார்ட்டில் பால் வாங்கிக்கொண்டு திரும்பும் நம் அப்பா, இவர்கள் நெஞ்சு படபடக்க வீடு வந்து சேர்வார்கள், அத்தோடு முடிந்தது. நிறுத்தியது சரியா என்று போலீஸ்காரரைக் கூண்டில் ஏற்றிக் கேட்கும் வாய்ப்பு, ஏதாவது கிடைத்த வழக்கில்தான் வருகிறது. குற்றவாளியின் வழக்கில் இந்தக் கேள்வியை அடைத்துவிட்டால் அதைக் கேட்க வேறு இடமே கிட்டத்தட்ட இல்லை.

இன்னொரு பக்கம், இந்த வாதம் ஜெயிப்பது ஒன்றும் சுலபமில்லை. 1996-இல் ரென் வழக்கில், போலீஸ் மனதில் வேறு என்ன எண்ணம் இருந்தாலும் பரவாயில்லை, ஒரு சின்ன விதிமீறலைக் காட்டினால் போதும் என்று ஒருமனதாகச் சொல்லிவிட்டார்கள். 2014-இல் ஹையன் வழக்கு இன்னும் விசேஷம். வட கரோலினாவில் பிரேக் லைட் ஒன்று எரியவில்லை என்று வண்டியை நிறுத்தினார்கள். அந்த மாநிலச் சட்டப்படி ஒன்று எரிந்தாலே போதுமாம்! ஆனாலும் போலீஸ்காரர் சட்டத்தைத் தப்பாகப் புரிந்துகொண்டது நியாயமான பிழை, ஆகவே நிறுத்தியது செல்லும் என்று எட்டுக்கு ஒன்று. நீதிபதி சோட்டோமேயர் மட்டும் மறுத்தார். சட்டம் தெரியாது என்று நாம் சொன்னால் விடுவார்களா?

அதே 2014-இல் நவரெட் வழக்கு. பிக்கப் டிரக் ஒன்று தன்னைச் சாலையை விட்டே தள்ளிவிட்டதாக யாரோ 911 அவசர எண்ணுக்குச் சொன்னார்கள். போலீஸ் அந்த டிரக்கின் பின்னாலேயே ஐந்து நிமிடம் போயும் ஓட்டுவதில் ஒரு குறையும் தெரியவில்லை. ஆனாலும் குடித்திருக்கலாம் என்று சந்தேகிக்க அந்த போன் போதும் என்று ஐந்துக்கு நான்கில் தீர்ப்பு. வழக்கமாகப் போலீஸ் பக்கம் சாய்வார் என்று பலர் நினைக்கும் நீதிபதி ஸ்கலியாதான் அதைக் கடுமையாக எதிர்த்து எழுதினார். அதற்குச் சில வருடம் முன்பு, 2009-இல், தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் இதற்கு நேர் எதிராகக் கவலைப்பட்டிருந்தார்: போலீஸ் தன் கண்ணால் பார்க்கும் வரை காத்திருக்க வேண்டும் என்றால், குடிகாரனுக்கு ஒரு தடவை தடுமாற இலவச அனுமதி கொடுத்த மாதிரி ஆகும் என்று. அந்தக் கவலையில் நியாயம் இல்லாமல் இல்லை. நவரெட் விஷயத்தில் எனக்கே மனசு இரண்டாகத்தான் இருக்கிறது.

குடித்திருக்கிறார்களா என்று பார்க்க வருகிற வண்டிகளை எல்லாம் நிறுத்தும் செக்பாயின்ட் மேல் எனக்கு அவ்வளவு கோபம் இல்லை என்று சொன்னால் சிலர் சண்டைக்கு வருவார்கள். 1990-இல் மிச்சிகன் வழக்கில், 126 வண்டிகளை நிறுத்திய ஒரு செக்பாயின்ட்டை உச்ச நீதிமன்றம் ஏற்றது, ஒரு வண்டிக்குச் சராசரியாக 25 விநாடி. எல்லோரையும் நிறுத்தும்போது தோலையும் தாடியையும் பார்த்து ஆளைப் பொறுக்குவது குறையும். வேடிக்கை என்னவென்றால், 1993-இல் மிச்சிகனின் சொந்த உச்ச நீதிமன்றமே மாநில அரசியலமைப்பைக் காட்டி அதை அங்கே தடுத்துவிட்டது. நம் டெக்சாஸிலும் செக்பாயின்ட் கிடையாது. அதனால் இங்கே போலீஸுக்குத் தேவைப்படுவது லேன் மாறியது, இண்டிகேட்டர் போடாதது, நம்பர் பிளேட் லைட் மாதிரி ஏதாவது ஒன்று. 2022-இல் டெக்சாஸ் குற்றவியல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஹார்டின் வழக்கில் இதற்கும் ஒரு கடிவாளம் போட்டது: டயர் கோட்டைத் தொட்டால் மட்டும் குற்றமில்லை, அந்த நகர்வு ஆபத்தாகவும் இருக்க வேண்டும்.

ஊரில் எப்படி என்று கேட்பீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் 203-ஆம் பிரிவிலும், ஊதச் சொல்வதற்கு நியாயமான சந்தேகக் காரணம் வேண்டும் என்றுதான் இருக்கிறது. ஆனால் இந்திய உச்ச நீதிமன்றத்தின் 1973 பூரண்மல் தீர்ப்பு முதல், முறைகேடாகக் கிடைத்தது என்பதற்காக மட்டும் ஒரு ஆதாரத்தை இந்திய நீதிமன்றங்கள் ஒதுக்குவதில்லை. காரணம் வேண்டும் என்று சட்டம் சொல்லும், காரணம் இல்லாவிட்டாலும் ஆதாரம் செல்லும். பிறகு யார் காரணத்தைத் தேடப் போகிறார்கள்?

இதைப் படித்துவிட்டு யாரும் ரோட்டோரத்தில் நின்று போலீஸ்காரரிடம் நான்காவது திருத்தம் பேச வேண்டாம். கையை ஸ்டீயரிங் மேல் வைத்து, மரியாதையாகப் பேசி, காகிதங்களைக் கொடுங்கள். வாதம் எல்லாம் பிறகு, கோர்ட்டில். வாரன்ட் இல்லாமல் நிறுத்தினால் அதைச் சரியென்று காட்டும் பொறுப்பு அரசுத் தரப்புக்கு. போலீஸ் வண்டியின் டேஷ்கேம் பதிவை அட்டர்னி மூலம் சீக்கிரமே கேட்டு வாங்குங்கள். ரிப்போர்ட்டில் 'வளைந்து வளைந்து ஓட்டினார்' என்று இருக்கும், வீடியோவில் வண்டி நேராகப் போகும். டெக்சாஸில் லைசென்ஸ் முடக்கத்தை எதிர்த்து விசாரணை கேட்க 15 நாள்தான், அங்கேயும் நிறுத்திய காரணத்தைக் கேள்வி கேட்கலாம். பலர் கிரிமினல் வழக்கையே நினைத்துக்கொண்டு இந்தத் தேதியைத் தவற விடுகிறார்கள்.

விசாவில் இருப்பவர்களுக்கு இதில் ஒரு கசப்பு உண்டு. 2015-இலிருந்து வெளியுறவுத் துறை, டியூஐ, அதாவது குடித்துவிட்டு ஓட்டிய கைது, என்ற பதிவை வைத்தே விசா ஸ்டாம்பை ரத்து செய்கிறது, தண்டனை வரும் வரை காத்திருப்பதில்லை. ஆறு மாதம் கழித்து நீதிபதி, வண்டியை நிறுத்தியதே தவறு என்று சொல்லலாம். அதன் பிறகும் விசா விண்ணப்பத்துக்கான டிஎஸ்-160 படிவத்தில் 'எப்போதாவது கைது செய்யப்பட்டீர்களா' என்ற கேள்விக்கு ஆம் என்றுதான் எழுத வேண்டும். அதனால் ஹெச்-1பி வேலை விசாவில் இருப்பவர் கிரிமினல் அட்டர்னியைக் கூப்பிடும் அன்றே இமிக்ரேஷன் அட்டர்னியையும் கூப்பிட வேண்டும், அவரைக் கேட்காமல் ஊருக்கு டிக்கெட் போடக் கூடாது.